திரௌபதி வீட்டில் பாக்கி நின்ற ‘வர்றேன்’

திரௌபதியின் சாதனைகளைச் சொல்லப் புகுந்தால் கரித்துணியில்தான் தொடங்க வேண்டும். அவளுக்கு முன்னால் பழவேற்காட்டுக் கடலோரக் குப்பத்தில் பெண்கள் கொதிக்கிற குழம்புச் சட்டியைப் புடவைத் தலைப்பால் பிடித்து இறக்கினார்கள். தலைப்பு பொசுங்கும், கை வேகும், சில நாள் சட்டியே நழுவிக் குழம்பு மண்ணுக்குப் போகும். திரௌபதி உள்ளங்கை அகலத்துக்குத் துணியை மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டு வீட்டுக்கு இரண்டாகக் கொடுத்தாள். கை பிழைத்தது. குழம்பும் பிழைத்தது. பக்கத்தில் கோட்டை கட்டிப் பீரங்கி வைத்துக்கொண்டிருந்த உலாந்தாக்காரர்கள், அதாவது டச்சுக்காரர்கள், அந்தக் கரைக்கு இவ்வளவு நன்மை செய்ததாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

துணி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் அந்தக் கோட்டைதான் காரணம். உலாந்தா தேசத்தில் குளிராம். அங்கே பெரிய மனிதர்கள் போர்த்திக்கொள்ள மேலே பூப்போட்ட சீட்டித்துணி, கீழே வெள்ளைத்துணி, நடுவே பஞ்சு என்று மெத்தைப் போர்வை வேண்டுமாம். அதைத் தைத்துக் கொடுக்கும் பொறுப்பைக் கோட்டைக்குச் சரக்குப் பிடித்துக்கொடுக்கும் சுப்பராயலு செட்டி எடுத்துக்கொண்டார். அதாவது, பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார், தைப்பதைக் குப்பத்துப் பெண்களிடம் கொடுத்துவிட்டார். பண்டசாலைக்குப் பின்னால் கீற்றுக் கொட்டகை போட்டிருந்தது. சித்திரை வெயிலில், வியர்வை துணியில் சொட்டாதபடி நெற்றியில் வரிந்து கட்டிக்கொண்டு, இதுவரை பார்த்தே இராத ஒரு குளிருக்காகப் பெண்கள் தைத்தார்கள்.

வெட்டிய ஓரம், கழித்த விளிம்பு, பாதிப் பூ, கால்வாசிக் கிளி எல்லாம் ஒரு மூலையில் குவியும். செட்டிக்கு அது குப்பை. திரௌபதி அதைத்தான் மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அதிலிருந்து கரித்துணி வந்தது, சட்டி உருளாமல் இருக்கப் புரிமணை வந்தது, வெற்றிலை பாக்குக்குச் சுருக்குப்பை வந்தது, மீன் கத்திக்கு உறை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சும்மாடு வந்தது. தலையில் மீன்கூடை சுமக்கிறவளுக்குச் சும்மாடுதான் கிரீடம். மற்ற ஊர்களில் பழம்புடவையைச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். எங்கள் குப்பத்தில் சீமைப் பிரபுவின் படுக்கைக்கு வெட்டிய துணியில், உள்ளே கந்தல் அடைத்து, வட்டமாகத் தைத்த சும்மாடு.

இதில் சில சட்டச் சிக்கல்களும் வந்தன. முனியம்மா வீட்டுக் கரித்துணியில் ஒரு கிளியின் தலை இருந்தது. அதே கிளியின் வால் பொன்னுரங்கத்தின் சுருக்குப்பையில் போய்விட்டது. இரண்டு வீட்டுக்கும் வலைத் தகராறு வந்தபோது முனியம்மா நடுத்தெருவில் நின்று, “மொதல்ல எங்க கிளியோட வால குட்றா!” என்று கேட்டாள். பஞ்சாயத்து ஒரு நாள் முழுக்க நடந்தது. வால் திரும்பவில்லை.

திரௌபதி என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. புராணத்துத் திரௌபதிக்குத் துணி வந்துகொண்டே இருந்தது. இவளுக்குத் துண்டு துண்டாக வந்தது. அவளைப் போலவே இவளையும் தருமன் என்பவனுக்குத்தான் கட்டிவைத்தார்கள். ஒரே ஒரு தருமன், நல்ல வேளை. அவன் சூதாடமாட்டான். மசூலாப் படகில் துடுப்புப் போடுகிறவன். கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு அலை தாண்டி மூட்டை கொண்டுபோவது அவன் வேலை. அந்தப் படகுக்கும் ஆணி கிடையாது, பலகைகளைக் கயிற்றால் தைத்திருக்கும். “நீ தைக்கறது குளுருக்கு, நான் ஏறிக்கினு போறது அலைக்கு. ரெண்டும் தையல்தான், பிரியாம இருந்தா சரி” என்பான். தலையில் எப்போதும் ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டு. அதில் ஒரு மூலையில் சுருட்டு நெருப்பு விழுந்து பொத்தல். அதற்கு ஒட்டுப் போடுகிறேன் என்று திரௌபதி கேட்டால், “வாணாம், காத்து வரட்டும்” என்பான்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் உண்டு. மரியாதை. எங்கிருந்து கிளம்பினாலும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பமாட்டான்.

நம் பாஷையில் கிளம்புகிறவன் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. போனவன் போனவனாகிவிடுவான் என்று பயம். போகும்போது ‘வருகிறேன்’ என்போம். நமக்குள் இது விளங்கும். விளங்காதவன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று நம் முன்னோர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் காலத்தில் உலாந்தாக் கப்பல் இல்லை.

ஒரு வருஷம் கப்பல் ஒன்று வந்து நின்றது. வழியில் காய்ச்சல் கண்டு பாதி ஆட்கள் செத்துக் கடலுக்குப் போயிருந்தார்கள். அதில் மாலுமிகளுக்குத் தலைவனாக இருந்தவன் முன்பொரு தடவை எங்கள் கரையில் தங்கி ஐந்து தமிழ் வார்த்தை சேர்த்து வைத்திருந்தான்: வா, போ, குடு, கள்ளு, இன்னா வெல. இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஊரையே ஆளலாம் என்று அவன் நம்பினான். அவனுக்கு மேலே இருந்தவர்கள் இதைவிடக் குறைந்த வார்த்தைகளில் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதால் அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

மெத்தைப் போர்வை மூட்டைகளைத் தளத்தில் ஏற்றி முடித்ததும் அவன் படகுக்காரர்களைப் பார்த்துச் சிரித்தான். கடலுக்கு அப்பால் உலாந்தாக்காரர்களின் வத்தாவிப் பட்டணம் இருக்கும் கிழக்கே கையை நீட்டினான். “வத்தாவி. வா? வத்தாவி, வா?”

மற்றவர்கள் பதிலே சொல்லாமல் கயிற்றைப் பிடித்துச் சரசரவென்று படகில் இறங்கிவிட்டார்கள். மரியாதை தெரியாதவர்கள், பிழைத்தார்கள். தருமன் மட்டும் கடைசி மூட்டையின் கட்டைச் சரிபார்த்துக்கொண்டு மேலே நின்றான். கீழே படகிலிருந்து துடுப்புக்காரர்களின் தலைவனான தண்டல் சிங்காரம் கத்தினான்:

“டேய் தருமா, எறங்குடா! வாடக் காத்து திரும்புது!”

தருமன் அந்த மாலுமித் துரையின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினான். “வர்றேன் தொர.”

துரையின் முகம் மலர்ந்தது. “வா!”

“வர்றேன், வர்றேன்” என்று சொல்லிக்கொண்டே தருமன் கயிற்றுப் பக்கம் நடந்தான். இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்தார்கள். சந்தோஷத்தில்தான் பிடித்தார்கள். அவன் உதறினான். “இன்னா தொர இது? அதான் வர்றேன்னு சொல்றேன் இல்ல? வுடு!” அவன் சொல்லச் சொல்லப் பிடி இறுகியது. இவ்வளவு ஆர்வமாக வருகிறேன் என்கிறவனை எந்தக் கப்பல் விடும்?

சிங்காரத்தின் படகு கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாய் விரிந்து கப்பல் நகர்ந்துவிட்டது. விளிம்பில் தருமனின் தலை மட்டும் தெரிந்தது. அன்றைக்குப் பார்த்து அவன் துண்டை வீட்டில் மறந்து வைத்திருந்தான், வெறுந்தலை. காற்றில் அவன் குரல் வந்தது:

“சிங்காரண்ணே! வர்றேன்னு அவகிட்ட சொல்லு!”

கரையில் சிங்காரம் அதை அப்படியே சொன்னான். திரௌபதி படகை எட்டிப் பார்த்தாள். “இன்னாண்ணே, ஒரு ஆளு கொறையுது?”

“வர்றேன்னான்மா.”

“எப்ப?”

சிங்காரம் ஈரமணலில் உட்கார்ந்துவிட்டான். அறுபது மூட்டை சுமந்தும் உட்காராதவன்.

நியாயம் கேட்கப் போனார்கள். சுப்பராயலு செட்டியை முன்னால் விட்டுக்கொண்டு கோட்டை வாசலில் ஒரு நாள் நின்றார்கள். உள்ளே ஓர் அதிகாரி விசாரித்தார். அந்த ஆள் வருகிறேன் என்று சொன்னானா இல்லையா? சொன்னான். ஒரு தடவையா? இல்லை, பல தடவை. பலவந்தமா? கும்பிட்டுக்கொண்டே சொன்னான். பிறகென்ன? இலக்கணப்படி அதிகாரி பேசியதில் ஒரு பிழையும் இல்லை. செட்டி வெளியே வந்து, “சட்டம் அவங்க பக்கம் கீது” என்று சொல்லிவிட்டு மூட்டைக் கணக்குப் பார்க்கப் போனார்.

துக்கம் விசாரிக்க முதலில் வந்தவள் முனியம்மா. அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, எழுந்து, வழக்கப்படி “வர்றேன்மா” என்றாள்.

திரௌபதி நிமிர்ந்தாள். “அந்த வார்த்தய இங்க சொல்லாத.”

“இன்னாது?”

“இந்த வூட்ல ஒரு வர்றேன் பாக்கி கீது. அது வந்து சேரட்டும். அப்பறம் ஊரே சொல்லிக்கட்டும். அதுவரிக்கும் இங்கிருந்து யாரு கெளம்பனாலும் போறேன்னு சொல்லிட்டுப் போங்க.”

முனியம்மாவுக்கு அது பிறந்ததிலிருந்து சொல்லாத சொல். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, “போறேன்” என்றாள். திரௌபதி “போ” என்றாள். அன்றிலிருந்து அது அந்த வீட்டின் சட்டமாயிற்று. கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள்கூடத் தாம்பூலத்தைக் கொடுத்துவிட்டு “போறோம்” என்றார்கள். வாசலைத் தாண்டியதும் வேலியில் உட்கார்ந்திருந்த காக்கையிடம் “வர்றோம்” என்று சொல்லித் தோஷம் கழித்துக்கொண்டார்கள். அந்தக் காக்கைக்கு அந்த வருஷங்களில் கிடைத்த மரியாதை கோட்டைத் துரைக்கும் கிடைத்திருக்காது.

கொட்டகையில் திரௌபதிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள் குப்பம்மா. தருமனுக்குத் தங்கை. விடிகாலையில் மீன்கூடையோடு காட்டூர்ப் பக்கம் போய் நெல்லுக்கு விற்றுவிட்டு, வெயில் ஏறியதும் கொட்டகைக்கு வருவாள். தைத்து முடித்த போர்வையில் நூல் பிசிறு வெட்டி, மடித்து, கோட்டைக்குக் கட்டுவது அவள் வேலை. அவள் கையைத் தாண்டாமல் ஒரு போர்வையும் வெளியே போகாது.

ஒரு நாள் தைத்துக்கொண்டே திரௌபதி கேட்டாள். “இந்த மெத்தயெல்லாம் எங்க போவுது குப்பு?”

“மொதல்ல வத்தாவின்னு சொல்றாங்க அண்ணி. அங்கிருந்து உலாந்தாவுக்கு.”

“உங்க அண்ணன் எங்க போனாரு?”

“வத்தாவி.”

“அப்ப ரெண்டும் ஒரே எடந்தான்.”

குப்பம்மா கத்தரியை நிறுத்தினாள். “அங்க அண்ணன் மெத்த போர்த்திக்கினு படுத்துக்கினு கீறாருன்னு நெனப்பா உனக்கு?”

“போர்த்திக்கவாணாம்டி. மூட்ட தூக்குவாரு இல்ல? இங்கயும் அதான வேல? தூக்கறவரு மூலையப் புடிச்சித்தான தூக்கணும்?”

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்கப் பெரிய பண்டிதர் தேவையில்லை. மூட்டைக்குள் போர்வை இருக்கும், போர்வையின் மூலை மூட்டைக்கு வெளியே இருக்காது. வத்தாவியில் எத்தனை ஆயிரம் பேர் மூட்டை தூக்குகிறார்களோ. குப்பம்மாவும் இதையெல்லாம் யோசித்தாள். ஆனால் அண்ணன் போனதிலிருந்து அண்ணி அன்றைக்குத்தான் ஊசியைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசினாள். அதனால் வாயை மூடிக்கொண்டாள்.

திரௌபதி வீட்டிலிருந்த சிவப்புக் கட்டத் துண்டிலிருந்து ஒரு சதுரம் வெட்டினாள், ஒரு வெற்றிலை அளவு. போர்வையின் கீழ்ப்பக்கம், வெள்ளைத்துணியின் மூலையில் அதை வைத்துத் தைத்தாள். அதன்மேல் கறுப்பு நூலால் மூன்று சாய்கோடு, குறுக்கே ஒன்று. அது தருமன் வீட்டுக் குறி. கடலில் பல வீட்டு வலை ஒன்றாகக் கிடக்கும்போது எது யாருடையது என்று தெரிய, வலையின் மிதவைக் கட்டைகளில் வீட்டுக்கு ஒரு குறி வெட்டியிருப்பார்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்துத் தன் குறியைச் சொல்லிவிடுவான் செம்படவன்.

அந்தக் குறிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கடலுக்குப் போனவன் இனித் திரும்பமாட்டான் என்று ஊர் முடிவு செய்தால், வீட்டுக்காரி அவன் குறி போட்ட மிதவை ஒன்றைக் கழிமுகத்தில் விடுவாள். அது வெளியே போய்விட்டால் ஆளும் போய்விட்டான் என்று அர்த்தம். அப்புறம் வளையலை உடைப்பார்கள். இரண்டு மூன்று வருஷம் கழிந்ததும் ஊர்ப் பெரியவர் உலகநாதன் வந்து நாசூக்காகச் சொல்லிப் பார்த்தார். “எத்தினி நாளைக்கும்மா... ஒரு மெதப்ப வுட்டுடலாமே.”

“செத்தவனுக்குத்தான் மெதப்பு. வர்றேன்னு சொன்னவனுக்கு இன்னாத்த வுடறது மாமா?”

உலகநாதனுக்குத் தெரிந்த வழக்கத்தில் அதற்கு விதி இல்லை. “போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கப்பல் புறப்படும் பருவம் வந்தால் குப்பத்துக்கே தெரியும், திரௌபதி முகத்தில் களை வந்துவிடும். குறி போட்ட போர்வையைத் தைத்து முடித்து நாத்தனாரிடம் நீட்டுவாள். நாத்தனார் பிசிறு வெட்டி மடித்துக் கட்டுவாள். மூட்டை கரையை விட்டுப் போன அன்று குப்பம்மா ஓடி வருவாள். “ஏறிடுச்சு அண்ணி!”

“பாத்தியா? ரெண்டு கண்ணால?”

“பாத்தேன்.”

அன்றைக்குத் திரௌபதி வீட்டில் மடவை மீன் குழம்பு. குப்பம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுவாள். நடு மீன் குப்பம்மாவுக்கு. அந்தப் பருவம் முழுக்கக் குப்பத்தில் யாருக்கு எது கேட்டாலும் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்குத் தலையணை, கிழவருக்குப் பொடிப்பை, புதுப்பெண்ணுக்கு முழுப் பூவே வந்த கரித்துணி. சிங்காரம் வீட்டுக் கரித்துணியில் ஒரு முழு மயில் இருந்தது, கரி படிந்து காக்கையாகிக்கொண்டு. சிவப்புத் துண்டு மட்டும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தது. “வூட்ல கொறஞ்சா அங்க கூடுதுன்னு அர்த்தம்” என்பாள் திரௌபதி.

பொங்கலுக்கு முன்னால் குப்பத்துச் சும்மாடுகள் எல்லாம் அவளிடம் வரும். வருஷம் பூராவும் மீன்தண்ணீர் குடித்து நைந்ததைப் பிரித்து, நாற்றக் கந்தலை எறிந்து, புதுக் கந்தல் அடைத்துத் தைத்துக் கொடுப்பாள். குப்பம்மா மட்டும் தன்னுடையதைக் கொடுக்கவேமாட்டாள். அது கறுத்து, கெட்டித்து, அம்மிக்கல் போலாகிவிட்டது.

“உன் தலையில இன்னாடி, அம்மியா? குடு இப்பிடி.”

“பழகிடுச்சு அண்ணி. மாத்தனா தல நோவுது.”

“என் கைவேல உனக்கு ஆவல. சொல்லிடேன் நேரா.”

“ஐய, நீ ஒண்ணு” என்று சிரித்துவிட்டுச் சும்மாட்டை மடியில் செருகிக்கொண்டு போய்விடுவாள். இது நாத்தனார் கொழுப்பு என்று திரௌபதி முடிவு கட்டினாள். எல்லா நாத்தனாருக்கும் ஏதோ ஓர் இடத்தில் அது இருக்கும், இவளுக்குத் தலையில்.

இப்படிப் பல வருஷம் போய், ஒரு வருஷம் போர்வை ஏறி, குழம்பும் வைத்தாயிற்று. தையிலே ஒரு காலை, காட்டூர் போகிற வழியில் குப்பம்மா கூடையை அண்ணி வீட்டு வேப்பமர நிழலில் இறக்கினாள். கூடை நிறைய மடவை, மேலே ஈரச்சாக்கு. “ஊத்துல ஒரு கொடம் மொண்டாந்து குடுத்துட்டுப் போறேன் அண்ணி, நீ குனியாத” என்று குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். சும்மாடு கூடைமேல் இருந்தது.

திரௌபதிக்கு அதைப் பார்த்ததும் அன்பு பொங்கியது. தண்ணீர் சேந்தி வருவதற்குள் புதிதாக அடைத்துத் தைத்துவிடலாம். திரும்பி வந்து தலையில் வைத்ததும் குப்பம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். கத்தியால் தையலை அறுத்தாள்.

உள்ளேயிருந்து சிவப்பு வந்தது.

முதலில் அவள் ரத்தமென்று நினைத்தாள். விரலைப் பார்த்துக்கொண்டாள். பிறகு இழுத்தாள். வெற்றிலை அளவு சதுரம், சிவப்புக் கட்டம், கறுப்பு நூலில் மூன்று சாய்கோடு, குறுக்கே ஒன்று. போர்வையின் மூலையோடு சேர்த்துக் கத்தரியால் நறுக்கியிருந்தது. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. எல்லாம் மீன்தண்ணீரில் ஊறிக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

நம் பாஷையில் துண்டு என்றால் தலையில் கட்டுகிற துணி. வெட்டிய பகுதிக்கும் துண்டு என்றுதான் பெயர். திரௌபதி பாயை விரித்து, அந்தத் துண்டுகளைக் கட்டத்துக்குக் கட்டம் பொருத்தி வரிசையாக வைத்தாள். பெட்டியிலிருந்து மிச்சத் துணியை எடுத்து வந்து அருகே வைத்தாள். சுருட்டு நெருப்பின் பொத்தல் ஒரு துண்டில் பாதி, இன்னொன்றில் பாதி. இரண்டும் சேர்ந்ததும் வட்டமாயிற்று. தருமனின் துண்டு முழுசாக வந்துவிட்டது, ஒரே ஒரு சதுரம் மட்டும் இல்லை.

குப்பம்மா குடத்தோடு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். குடத்தை இறக்கவும் தோன்றவில்லை.

“இது இன்னாடி குப்பு?”

“துண்டு அண்ணி.”

“ஒண்ணு கொறையுதே.”

“அது... மொதமொதல்ல தச்சது. அது ஒண்ணுதான் கோட்டைக்குள்ள போச்சு. அங்க சோதிக்கறவன் பாத்துட்டு, பூச்சி அரிச்ச எடத்துல ஒட்டுப் போட்டு ஏமாத்தறீங்களான்னு கிழிச்சி எறிஞ்சிட்டானாம். செட்டி என்னாண்ட வந்து குதிச்சாரு. இன்னொரு ஒட்டப் பாத்தா கொட்டகையவே மூடிட்டுப் பக்கத்துப் பசியாவரத்துப் பொம்பளைங்கள வெச்சித் தச்சிக்குவேன்னாரு. எலி கடிச்சிச்சி, நான்தான் ஒட்டுப் போட்டேன்னு சொன்னேன்.”

“என்னாண்ட சொல்லல.”

“அப்பத்தான் நீ சோறு துன்ன ஆரமிச்சிருந்த.”

குடம் சாய்ந்து தண்ணீர் குப்பம்மாவின் தோளில் வழிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை.

“அதுக்கப்பறம் தச்சதெல்லாம்...”

“மூலைய நறுக்கிட்டு மடிச்சித் தச்சிக் கட்டிடுவேன். கடல்ல போட்டுடலாம்னு கழிமுகத்து வரிக்கும் எடுத்துக்கினு போனேன் அண்ணி. எங்க வூட்டுக் குறியாச்சே. அத தண்ணில வுட்டா எங்க அண்ணன நானே வுட்டாப்ல ஆவாதா? அடுப்புல போடவும் மனசு வர்ல. வெக்கறதுக்கு எடமே கெடைக்கல. நீ தச்சிக் குடுத்த சும்மாட்டுல வெச்சிக்கினேன்.”

“ஏறிடுச்சு ஏறிடுச்சுன்னு ஓடியாந்து சொன்னியே.”

“சொன்னேன்.”

“கொழம்பு வெச்சிப் போட்டேனே. நடு மீனு.”

“துன்னேன் அண்ணி. ஒவ்வொரு தபாவும் தொண்டையில முள்ளு நின்னுச்சு.”

திரௌபதி பாயில் விரிந்திருந்த துண்டைத் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். குறி விரலில் பட்டது, ஒவ்வொன்றாக. அவள் அழவில்லை. ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டுக் குப்பம்மா குடத்தைப் போட்டுவிட்டாள்.

“அப்ப இத்தினி வருசமா, நான் மறந்துட்டேன்னு நெனச்சிக்கினு கீறாரு.”

உடைந்த குடத்துத் தண்ணீர் பாய்வரைக்கும் வந்தது. திரௌபதி துண்டுகளை மடியில் வாரிக்கொண்டாள். குப்பம்மா வாசலில் குந்தி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். “உன்னக் காப்பாத்தத்தான் அண்ணி... கொட்டக போனா நீ இன்னாத்துக்கு ஏந்திருப்ப? உன்னக் காப்பாத்தத்தான்...”

“தெரியும், வாய மூடு” என்றாள் திரௌபதி. “ஊசி எடு.”

போர்வை மூலைகளைப் பிரித்தெறிந்துவிட்டுச் சிவப்புச் சதுரங்களை மட்டும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. குப்பம்மா நூல் கோத்துக் கொடுத்தாள். கண்ணீரில் ஊசிக்காது தெரியாமல் நாலு தடவை தவறவிட்டு, “குருடி” என்று வசையும் வாங்கினாள். மிச்சத் துணியிலிருந்து ஒரு சதுரம் வெட்டி இல்லாத இடத்தை அடைத்தார்கள். சுருட்டுப் பொத்தலை மட்டும் திரௌபதி அடைக்கவில்லை. பிறகு கொட்டகைக் கழிவில் புதிதாக வந்திருந்த கந்தலைச் சுருட்டி வட்டமாக்கி, அதன்மேல் அந்தச் சிவப்புத் துணியைச் சுற்றித் தைத்தாள். குறிகள் எல்லாம் வெளியே தெரிந்தன. உலகத்தில் எந்த மகாராணியின் தலையிலும் அப்படி ஒரு சும்மாடு இருந்திராது.

குப்பம்மாவின் தலையில் அதை அவளே வைத்தாள். கூடையைத் தூக்கி ஏற்றினாள்.

“உள்ள வெச்சிக்கினு சொமந்தது போதும். வெளிய வெச்சிக்கினு சொம.”

குப்பம்மா கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். அந்த வீட்டுச் சட்டப்படி, பழகிய வாயால் சொன்னாள். “போறேன் அண்ணி.”

திரௌபதி சிதறிய நூல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வர்றேன்னு சொல்லிட்டுப் போ.”

“அண்ணி?”

“ஊரு சொல்றாப்ல சொல்லிட்டுப் போ. நான் மறந்துட்டேன்னு நெனச்சவரு எங்க வரப்போறாரு? இங்க பாக்கி ஒண்ணும் இல்ல.”

குப்பம்மா வேலிப் பக்கம் பார்த்தாள். வேலியில் காக்கை, வழக்கம்போல் தனக்குத்தான் என்று காத்திருந்தது. ‘வர்றேன்’ சொன்னால் அண்ணன் வரமாட்டான் என்று ஆகிறது. ‘போறேன்’ சொல்ல அண்ணி விடவில்லை. மூன்றாவது வார்த்தை ஒன்றை நம் முன்னோர்கள் செய்து வைக்கவில்லை. அண்ணனின் துண்டு தலையில், அதன்மேல் கூடை, கூடையிலிருந்து கழுத்தில் சொட்டுகிற மீன்தண்ணீர். அப்படியே நிழல் சுருங்கிக் காலடிக்கு வரும்வரை அவள் வாசலில் நின்றாள்.

அன்று காட்டூருக்கு மீன் போகவில்லை. அத்தனை மடவையும் கெட்டுப்போயிற்று.